முதலாம் ஆண்டுச் சிறுநீரகம்

துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் அந்த மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் நோய் கிடையாது. இரண்டாம் ஆண்டிலும் கிடையாது. மனித உடம்பில் நோய் தொடங்குவது மூன்றாம் ஆண்டு முதலாம் தவணையில், ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, மேல்மாடி விரிவுரை மண்டபத்தில். இது பாடத்திட்டம். பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மூதவை அங்கீகரித்திருக்கிறது. அதன் பிறகும் ஓர் உடம்பு அதற்கு மாறாக நடந்துகொண்டால் அது அந்த உடம்பின் ஒழுக்கக் குறைவு.

உடற்கூற்றியல் துறையின் உதவியாளர் பாக்கியரத்தினம் தன் இருபத்தாறு வருடச் சேவையில் இதை அறிந்திருக்கவில்லை. அறிய வேண்டிய தேவையும் வரவில்லை. அவருடைய வேலை இறந்தவர்களோடு இருந்தது. தானமாக வந்த உடல்களைக் கழுவுவார், மருந்தேற்றுவார், தொட்டியில் இறக்குவார். மாணவர்கள் வெட்டிப் படித்து முடித்ததும் மிச்சத்தைச் சேர்த்து மரியாதையாக அடக்கம் செய்விப்பார். ஒவ்வொன்றிலும் திகதியும் இலக்கமும் எழுதிய துணிப்பட்டி கட்டியிருக்கும். எந்தக் கை எந்த உடம்புக்குரியது என்பதில் அவர் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. "செத்தவனுக்கு வாயில்லை. அவனுக்காக நாங்கள்தான் கவனமா இருக்கவேணும்" என்று புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லுவார். அப்படிச் சொல்லும்போது அவருக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்பு வரும்.

பிறகு உடல்கள் வருவது குறைந்தது. துறைத் தலைவர் பேராசிரியர் ஞானசேகரம் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தார். வந்ததும் சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் முதலாம் ஆண்டு மாணவர்கள் உயிருள்ள உடம்பில் ஸ்கேன் இயந்திரம் வைத்து உறுப்புகளைப் பார்த்துப் படிப்பார்கள். வயிற்றில் பசை பூசி, கைக்கடக்கமான கருவியை வைத்து உருட்டினால் ஈரலும் சிறுநீரகமும் திரையில் தெரியும், மூச்சோடு சேர்ந்து அசையும். வெட்டத் தேவையில்லை, நாற்றமில்லை. இதற்கு 'வாழும் உடற்கூற்று அலகு' என்று பெயர். படுத்திருக்கும் ஆளுக்கு 'மாதிரி' என்று பெயர்.

திறப்பு விழாவில் பேராசிரியரே மாதிரியாகப் படுத்தார். கழுத்துப்பட்டியைத் தோளுக்கு மேல் தள்ளிவிட்டு, சேட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சபைக்கு முன்னால் வயிற்றைக் காட்டியவர் அந்த மேட்டில் அவருக்கு முன் எவருமில்லை. ஆனால் விருந்தினர் வரப் பிந்தியதால் தேநீர் முன்னதாகவே வழங்கப்பட்டிருந்தது. பேராசிரியர் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டிருந்தார். காற்றும் கொழுப்பும் நிறைந்த வயிற்றைத் தாண்டி ஸ்கேனின் ஒலி போகாது. திரையில் மார்கழி மாதத்துக் கடல் மாதிரி ஒரே சாம்பல் நிறம்.

பேராசிரியர் படுத்தபடியே ஒலிவாங்கியை வாங்கினார்.

"இந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஒன்றும் தெரியாதிருப்பதே அறிவியலின் ஆரம்பம். எமது துறை அந்த ஆரம்பத்தில் உறுதியாக நிற்கிறது. எவர் வந்தாலும் எம்மை அங்கிருந்து நகர்த்த முடியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

சபை கைதட்டியது.

அடுத்த வாரம் முழுவதும் கல்லூரியின் வயிறுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. நூலகர், கணக்காளர், வாயிற்காவலர், விடுதிப் பொறுப்பாளர். எல்லாம் சோற்று வயிறுகள். கடைசியில் 'கொழுப்பற்ற, பொறுமையுள்ள, வினா எழுப்பாத' ஒருவர் தேவை என்று அறிவித்தல் ஒட்டப்பட்டது.

"எனக்கு ஒராளைத் தெரியும் சேர்" என்று பாக்கியரத்தினம் சொன்னார். அவர் வாழ்க்கையில் பேராசிரியருக்குச் சொன்ன முதலாவது யோசனை அது.

அந்த ஆள் ஸெய்னுதீன். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருபவர். பாலம் வருவதற்கு முன் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றிக் கடந்து வந்த காலம் தொட்டு பாக்கியரத்தினத்தின் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் கொண்டு வருகிறார். ஐம்பத்தெட்டு வயது. உடம்பில் எலும்பும் நரம்பும் தவிர மிச்சம் எதையும் கடற்காற்று விட்டு வைக்கவில்லை.

"புள்ளைகள் படிக்கவா? படிக்கட்டுமே" என்றார் ஸெய்னுதீன். "நாளைக்கு நம்மட புள்ளைகளுக்குத்தானே மருந்து தரப்போறாங்க. நீ நிப்பாயா தம்பி, அங்க?"

"தலைமாட்டிலயே நிப்பன் நானா."

பன்னிரண்டு பக்கச் சம்மதப் பத்திரம் நீட்டப்பட்டது. ஏழாம் பிரிவின்படி படங்கள் துறையின் சொத்து. எட்டாம் பிரிவின்படி மாதிரியின் பெயர் எங்கும் பதியப்படாது. ஒன்பதாம் பிரிவின்படி மாதிரியின் உடம்பிலிருந்து எதிர்காலத்தில் எது அகற்றப்பட்டாலும் அதுவும் துறைக்கே சேரும். ஸெய்னுதீன் வாசிக்கவில்லை. பாக்கியரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். ஸெய்னுதீன் கையெழுத்து வைத்தார். பாக்கியரத்தினமும் இரகசியம் காப்பதாக ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்.

மாசி பதினோராம் திகதி முதல் வகுப்பு. ஸெய்னுதீனின் வயிற்றில் கருவியை வைத்ததும் திரை பளிச்சென்று திறந்துகொண்டது. ஈரல், பித்தப்பை, பெருநாடி எல்லாம் வரைந்து வைத்தது மாதிரி. பேராசிரியருக்குக் கண் கலங்கியது.

"உள்ளுக்கு எல்லாம் சரியாமா தம்பி?" என்று ஸெய்னுதீன் தலைமாட்டைப் பார்த்துக் கேட்டார்.

"பாக்கியம், மாதிரியைக் கதைக்க வேண்டாமெண்டு சொல்லும். கதைச்சா ஈரல் ஆடுது" என்றார் பேராசிரியர்.

கருவி வலது பக்கம் போனது. சிறுநீரகம் வந்தது. முன்வரிசையில் நின்ற ஷிஃபானா என்ற மாணவி கையை உயர்த்தினாள். மூதூர்ப் பிள்ளை, வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் கண்ணில் பட்டதைக் கேட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"சேர், கீழ் முனையில உருண்டையா ஒண்டு இருக்கு. அது என்ன? புத்தகத்தில இல்லையே." ஆங்கிலவழி வகுப்பு என்பதால் அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஸெய்னுதீனுக்கு விளங்கவில்லை. இருபத்தாறு வருடம் காதால் படித்த பாக்கியரத்தினத்துக்கு விளங்கியது.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் எத்தினையாம் ஆண்டு?"

"முதலாம் ஆண்டு சேர்."

"முதலாம் ஆண்டில நாங்கள் என்ன படிக்கிறம்?"

"இயல்பான உடற்கூறு."

"அப்ப இயல்பானதைப் பாரும். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கு."

உருண்டைக்கும் இரண்டு வருசம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அன்றைய படத்தை இயந்திரம் ஒரு சிறு தாளில் அச்சடித்துத் துப்பியது. பாக்கியரத்தினம் வழக்கம்போல அதில் ஒரு பட்டியைக் கட்டி, திகதியையும் இலக்கத்தையும் எழுதித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

துறை சும்மா இருந்துவிட்டது என்று யாரும் சொல்ல ஏலாது. பங்குனியில் ஓர் உபகுழு கூடியது. தேநீர் கொண்டுபோன பாக்கியரத்தினம் கதவோரம் நின்று கேட்டார். முதலில் அந்த உருண்டைக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'கட்டி' என்றால் அது நோய்; நோயைக் குறிப்பிட உடற்கூற்றியல் துறைக்கு அதிகாரமில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பின் 'பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட உருவம்' என்று ஏகமனதாக முடிவாயிற்று.

சித்திரையில் அது சத்திரசிகிச்சைத் துறைக்கு அனுப்பப்பட்டது. மாதிரிக்குக் கிளினிக் இலக்கம் இல்லாதபடியால் அவர் நோயாளி அல்ல, நோயாளி அல்லாதவருக்கு நோய் பார்க்க ஏலாது என்று கடிதம் திரும்பி வந்தது. வைகாசியில் ஒழுக்கநெறிக் குழு. அங்கே பேராசிரியரே எழுந்து பேசினார்.

"மாதிரிக்கு அறிவிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் மனச்சாட்சி திறந்திருக்கிறது. ஆனால் மாதிரி யார்? எட்டாம் பிரிவின்படி எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருடைய சம்மதம் வேண்டும். எதற்காகச் சம்மதம் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்பது ஒழுக்கமல்ல. சொல்லிவிட்டுக் கேட்டால் சம்மதத்துக்கு முன்பே சொன்னவர்களாவோம். ஆகவே ஒழுக்கம் எம்மை மௌனமாக இருக்கச் சொல்கிறது. நான் ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டவன்."

அவர் பேசிய அறையின் யன்னலுக்கு வெளியே மாதிரி மரநிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வாயிற்காவலருக்குக் கும்பளா மீன் காட்டிக்கொண்டிருந்தது.

பாக்கியரத்தினம் பங்குனியிலேயே சொல்லியிருக்கலாம். படித்தவர்கள் கூடியிருக்கிறார்கள், முடிவெடுப்பார்கள் என்று இருந்தார். சித்திரையில் சொல்லியிருக்கலாம். கையெழுத்து வைத்த பத்திரம் ஞாபகம் வந்தது. அந்த மாதம்தான் 'மாதிரியைத் தேடித்தந்தமைக்காக' அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. மனைவி அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வைகாசியில் சொல்லப் போனால் பங்குனியிலும் சித்திரையிலும் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி இருந்தது. ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டிய கதை ஒரு வாரம் நீண்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீன் வந்தது. பாரை நல்லாயிருந்தால் பாரை, விளைமீன் நல்லாயிருந்தால் விளைமீன். ஸெய்னுதீன் பெட்டிக்குள் கைவிட்டு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பார். பாக்கியரத்தினம் அந்த மீனை மனைவியின் தட்டுக்குத் தள்ளிவிடுவார். முள்ளில்லாத துண்டைக்கூட.

ஒன்றும் செய்யவில்லை என்றும் இல்லை. உரிய வழியூடாக ஒரு கடிதம் எழுதினார். விடயம், தொடர்பு இலக்கம், திகதி எல்லாம் ஒழுங்காக இட்டு, 'மேற்படி உருவம் தொடர்பாக மேற்படியாருக்கு அறிவிப்பது நன்று எனப் பணிவுடன்' என்று முடித்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது.' அவர் அதைக் கடிதக் கோவையில் போட்டார். அன்று நித்திரை நன்றாக வந்தது. அந்த நித்திரையை நினைத்துப் பின்னாளில் அவர் கூசியது போல் வேறெதற்கும் கூசியதில்லை.

ஆனியில் தரமதிப்பீட்டுக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. மாதிரியின் சிறுநீரகத்தை ஆறடிப் படமாக மண்டபச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார் பேராசிரியர். கணினிப் பிரிவுத் துவாரகன் வந்தான்.

"சேர், இந்த உருண்டையோட போடுறதா?"

"முதலாம் ஆண்டு மண்டபம் தம்பி. அதை எடுத்துவிடும்."

துவாரகன் சுட்டெலியை நாலு தரம் தட்டினான். உருண்டை போய்விட்டது. இரண்டு குழுக்களுக்கும் ஒரு துறைக்கும் முடியாததை அவன் அரை நிமிடத்தில் முடித்தான். படத்தின் கீழே 'இயல்பான வலது சிறுநீரகம்' என்று எழுதி, பேராசிரியர் கையெழுத்திட்டார். அதன் சிறு பிரதி ஒன்று சட்டம் போட்டு மாதிரிக்கு நினைவுச்சின்னமாக வழங்கப்பட்டது.

படத்தைப் பார்க்க ஸெய்னுதீன் மனைவி றுக்கியாவைக் கூட்டி வந்தார். அவர் பெருநாள் சேட்டுப் போட்டிருந்தார். றுக்கியா செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இது கஜுக்கொட்டை மாதிரி இரிக்கி."

"முப்பது வருசமாத் திட்டினியே, உள்ளுக்கு ஒண்டுமில்லாத மனிசன் எண்டு. பாத்தியா இப்ப? கவுண்மெந்தே சுவரில மாட்டி வச்சிரிக்கி."

றுக்கியா சிரித்தார். பிறகு பாக்கியரத்தினத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இவருக்கு ஒண்டும் இல்லையே? இடுப்பு நோகுது எண்டு ஒரே முனகுறார். கேட்டா, பெட்டி தூக்கின நோவு எண்டு செல்லுறார்."

ஆறடிப் படம் மேலே தொங்கியது. லாச்சிக்குள் சிறு தாள் கிடந்தது. பேராசிரியர் வாசலில் நின்றார்.

"படத்தில ஒண்டும் இல்லை ராத்தா" என்றார் பாக்கியரத்தினம்.

அது பொய்யல்ல. படத்தில் ஒன்றும் இல்லைதான். அவர் பொய் சொல்லாத மனிதர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு போய் மலசலகூடத்துக்குள் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றார்.

ஆடியில் பரீட்சை. மாதிரியைப் பார்த்து ஐந்து அமைப்புகளை எழுத வேண்டும். விடைத்தாள்களைக் கட்டும்போது ஷிஃபானாவின் தாள் மேலே இருந்தது. நாலு விடை சரி. ஐந்தாவதுக்கு எதிரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: 'இவருக்குச் சொல்லியாச்சா?' பக்கத்தில் சிவப்பு மையில் பூச்சியம். அதன் கீழே பேராசிரியரின் குறிப்பு: 'வினாவுக்கு விடையாக வினா எழுதக் கூடாது.'

பாக்கியரத்தினம் தாளைக் கவிழ்த்து வைத்துக் கட்டினார். பத்தொன்பது வயதுப் பிள்ளை பூச்சியத்துக்குத் துணிந்திருக்கிறாள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சோளகக் காற்று துறைமுகத்திலிருந்து மேடு வரைக்கும் புழுதி அள்ளியது. ஸெய்னுதீன் கல்லூரி வாயிலில் மீன் பையைப் பாக்கியரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியில் சாய்ந்து நின்றார். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது.

"சொல்ல மறந்திட்டன் தம்பி. போன கிழமை ஒண்ணுக்குப் போகக்குள்ள செவப்பாப் போச்சு. ரத்தம். றுக்கியா பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்ட்டா."

"என்ன சொன்னவை?"

"நான் ஒங்கட படத்தைக் கொண்டு போன. சட்டத்தோட. சின்ன டொக்டர் ஒராள் அத வாங்கிப் பாத்தார். 'பேராசிரியர்ட கையெழுத்தோட இயல்பு எண்டு போட்டிரிக்கே, சிறுநீரகத்தில ஒண்டும் இல்ல, தண்ணியக் கூடக் குடியுங்க' எண்டு அனுப்பிட்டார்." ஸெய்னுதீன் சிரித்தார். "பாத்தியா, நீ சேத்துவிட்டதால எனக்கு எவ்வளவு லேசு. மத்த ஆக்கள் அங்க நாள்கணக்காக் காத்திரிக்காங்க."

பாக்கியரத்தினத்தின் கையில் மீன் பை கனத்தது.

"நில்லுங்கோ நானா. போயிடாதையுங்கோ."

அவர் உள்ளே ஓடினார். லாச்சியை இழுத்தார். தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் வைத்த எதுவும் ஒரு நாளும் தொலைந்ததில்லை. கொண்டுவந்து நீட்டினார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், உருண்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் உண்மையான படம். இதைக் கொண்டுபோய்ப் பெரிய டொக்டரிட்டக் காட்டுங்கோ. இண்டைக்கே. மற்றதில இதை அழிச்சுப் போட்டினம்."

ஸெய்னுதீன் படத்தைப் பார்க்கவில்லை. அதில் கட்டியிருந்த பட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒன்ட எழுத்துத்தானே."

"ஓம் நானா."

"மாசி பதினொண்டு."

"ஓம்."

காற்று தாளைப் படபடவென்று அடித்தது. ஸெய்னுதீன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் படுத்திருக்கக்குள்ள நீ என்ட தலைமாட்டிலதானே நிண்ட?"

"ஓம்."

"நான் கேட்டனே, உள்ளுக்கு எல்லாம் சரியா எண்டு."

பாக்கியரத்தினம் மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

ஸெய்னுதீன் தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். மீன் பையைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மோட்டார் சைக்கிளை உதைத்து இறக்கத்தில் விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

மிச்சத்தைப் பாக்கியரத்தினம் வாயிற்காவலர் மூலம்தான் அறிந்தார். புரட்டாசியில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆள் தப்பிவிட்டார். முதலில் கண்ட மாதத்திலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னாராம். இனிப் பெட்டி தூக்க ஏலாதாம். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம். பாக்கியரத்தினம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாப் பாலம் வரை போனார். நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கார்த்திகை மழைக்குள் ஒரு நாள் கல்லூரி வான் வந்து நின்றது. சாரதி ஒரு பிளாஸ்டிக் வாளியை இறக்கிக் கையெழுத்துக் கேட்டான். ஒன்பதாம் பிரிவின்படி துறைக்குச் சேர வேண்டியது வந்திருந்தது. பாக்கியரத்தினம் மூடியைத் திறந்தார். கையுறையைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

பேராசிரியர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீரா பாக்கியம், எவ்வளவு ஒழுங்கா முடிஞ்சிருக்கு. முதலாம் ஆண்டுக்குப் படம். மூன்றாம் ஆண்டுக்குப் போத்தல். ரெண்டும் ஒரே ஆள். இதைத்தான் தொடர்ச்சியான கற்பித்தல் எண்டுறது. இந்த நாட்டில வேற எவனிட்டயும் இப்படி ஒரு சோடி இல்லை. இவ்வளவு நாளும் பொறுத்திருந்ததுக்கு வந்த பலன்." கொஞ்சம் யோசித்தார். "மாதிரிக்கும் எங்கட நன்றியைச் சொல்லலாம். ஆனா யாரெண்டு தெரியாதே."

அவர் போனபின் பாக்கியரத்தினம் போத்தலைக் கழுவி, மருந்து ஊற்றி, உள்ளே இறக்கினார். அட்டையை எடுத்தார். அட்டையில் நாலு நிரல்கள். உறுப்பு: வலது சிறுநீரகம். ஆண்டு: மூன்று. பெயர் என்ற இடத்தில் பேனை நின்றது. முன்வாசலில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. எட்டாம் பிரிவுக்கு அமைய 'அறியப்படாதவர்' என்று எழுதினார். எழுத்து வழக்கம்போல அழகாக வந்தது. கடைசி நிரல் 'பொறுப்பேற்றவர்'. அதில் தன் முழுப்பெயரை எழுதினார்.

போத்தலில் இருந்த ஒரே பெயர் அது.

இன்னும் ஒரு வருடத்தில் ஷிஃபானா மூன்றாம் ஆண்டுக்கு வருவாள். நோய் தொடங்கும் அந்தத் திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்கு, இந்தப் போத்தலைக் கையில் எடுத்து அட்டையை வாசிப்பாள்.

பாக்கியரத்தினம் போத்தலைத் தட்டில் வைத்து, அட்டை சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பினார். சற்று நேரம் அப்படியே விட்டார். பிறகு, அட்டை வெளியே தெரிய வேண்டும் என்பது விதி என்பதால், மறுபடி முன்னுக்குத் திருப்பி வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.